நோயாளியின் தெரிவுரிமைக்காகச் சட்டத் திருத்தம் கோருவது எப்படி: பினாங்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த மருத்துவரிடம் செல்வது, மருந்தை எங்கே வாங்குவது, எந்த மருத்துவமனையில் படுப்பது என்பதை நோயாளியே முடிவு செய்யும் வாய்ப்பு விரிய வேண்டும் என்று விரும்புவோர் நம்மிடையே ஏராளம். அந்த விருப்பத்தைச் சட்டத்தின் வாசகமாக மாற்றும் வேலையில் இறங்குவோர் மிகச் சிலர். ஜார்ஜ் டவுனிலும் பட்டர்வொர்த்திலும் அப்படி இறங்கியவர்களுக்கு மனு தயாரிக்க உதவியபோது, உழைப்பில் குறைவில்லாதவர்களும் ஒரே இடத்தில் இடறுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தங்கள் குறை சட்டத்தின் எந்த அடுக்கில் சிக்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே அவர்கள் கதவைத் தட்டிவிடுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைக்கே முதலிடம் தருகிறேன்.

தொடங்கும் முன் மூன்று ஏற்பாடுகள் வேண்டும். மலாய் மொழியில் பிழையின்றி எழுதக்கூடிய ஒருவர், கடிதங்களையும் பதில்களையும் தேதி வாரியாக வைத்திருக்கப் பொறுமையுள்ள ஒருவர், குறைந்தது ஓராண்டுக்கு மாதம் இருமுறை கூடக்கூடிய நான்கைந்து பேர். சட்டப் படிப்பு கட்டாயமில்லை. சட்டத்தைப் படித்துப் பார்க்கும் துணிவு கட்டாயம் வேண்டும்.

1. குறையை ஒரே ஒரு தெரிவாகச் சுருக்குங்கள்

"சுகாதாரத் துறையைச் சீர்திருத்துங்கள்" என்று கேட்டால், "2023ஆம் ஆண்டிலேயே வெள்ளை அறிக்கை நிறைவேறிவிட்டது, பணிகள் நடக்கின்றன" என்று பதில் வரும். அது உண்மையும்கூட. அந்த ஆண்டு ஜூன் மாதம் மக்களவை ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, அதாவது அரசாங்கத்தின் கொள்கை ஆவணம், பதினைந்து ஆண்டுக் காலத் திட்டத்தை முன்வைக்கிறது. இவ்வளவு அகலமான பதிலை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

எனவே ஒரு நோயாளி, ஓர் இடம், ஒரு தெரிவு என்று சுருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு இது: இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் மருந்து எடுப்பவர், தனியார் கிளினிக்கில் கேட்காமலேயே மருந்துச் சீட்டைப் பெற்று, விரும்பிய மருந்தகத்தில் மருந்தை வாங்க வேண்டும்.

"கேட்காமலேயே" என்ற சொல்லில்தான் கோரிக்கையின் உயிர் இருக்கிறது. மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கலாம் என்று சுகாதார அமைச்சு சொல்லிவருகிறது. ஆனால் பிறையில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசிய மூதாட்டி சொன்னது வேறு: "மாத்திரைய வெளியில வாங்கிக்கிறேன்னு சொன்னா டாக்டர் மூஞ்சி மாறிடும் தம்பி. அப்புறம் அவர்கிட்டதானே திரும்பப் போகணும்?" கேட்டால் கிடைக்கும் உரிமை, கேட்கத் தயங்குபவருக்கு இல்லாத உரிமையே. இப்படி ஒரு சொல்லில் வந்து நிற்கும்வரை கோரிக்கையைச் செதுக்குங்கள்.

2. அந்தத் தெரிவு எந்த அடுக்கில் அடைபட்டிருக்கிறது என்று கண்டறியுங்கள்

இந்தப் படிக்கு முழுதாக ஒரு மாதம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாப் படிகளும் இதைப் பொறுத்தே அமையும்.

முதலில், சுகாதாரம் கூட்டரசின் அதிகாரத்தில் உள்ளது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மருத்துவமும் சுகாதாரமும் கூட்டரசுப் பட்டியலில் இருக்கின்றன. பினாங்கு சட்டமன்றத்தின் 40 உறுப்பினர்களும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினாலும் மருந்துச் சீட்டு பற்றிய சட்டத்தில் ஓர் எழுத்து மாறாது. சட்டமன்ற உறுப்பினரிடம் ஆறு மாதம் அலைந்த பிறகே இதைத் தெரிந்துகொண்டவர்களை நான் அறிவேன். அவர் நல்ல மனிதர், ஆனால் அவர் கையில் சாவி இல்லை. பினாங்கில் இருப்பவர்கள் 13 நாடாளுமன்றத் தொகுதிகளில் தங்களுடையதையும், கோலாலம்பூரில் இருப்பவர்கள் 11 தொகுதிகளில் தங்களுடையதையும் தேடிப் போக வேண்டும். கோலாலம்பூருக்குச் சட்டமன்றமே இல்லாததால் அங்குள்ளவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு.

அடுத்து, கூட்டரசுக்குள்ளேயே நான்கு அடுக்குகள் உள்ளன. நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டம் மேல் அடுக்கு. அச்சட்டம் தந்த அதிகாரத்தால் அமைச்சர் அரசிதழில் வெளியிடும் விதிமுறையும் ஆணையும் இரண்டாவது. அமைச்சின் சுற்றறிக்கையும் வழிகாட்டலும் மூன்றாவது. வரவு செலவுத் திட்ட ஒதுக்கீடு நான்காவது. மேலே போகப் போக மாற்றுவது கடினம், மாறியது நிலைப்பதும் உறுதி.

மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 2023ஆம் ஆண்டில் தொடங்கிய மடானி மருத்துவத் திட்டம், குறைந்த வருமானம் பெறுவோர் தனியார் கிளினிக்கில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற வழிசெய்தது. அது ஒதுக்கீட்டில் நடக்கும் திட்டம், எனவே ஒதுக்கீடு குறைந்தால் தெரிவும் குறையும். சில அரசாங்க மருத்துவமனைகளில் முழுக் கட்டணம் செலுத்தி நிபுணரைத் தேர்ந்தெடுக்கும் வசதி, 1951ஆம் ஆண்டு கட்டணச் சட்டத்தின் கீழ் 2007இல் வந்த ஆணையால் பிறந்தது. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று வந்த ஆணையோ, 2011ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு மற்றும் கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. அந்தச் சட்டம் உள்நாட்டு வாணிப அமைச்சுக்குரியது. மருந்து பற்றிய கோரிக்கை எப்போதும் சுகாதார அமைச்சிலேயே முடியும் என்று எண்ண வேண்டாம். காப்புறுதி நிறுவனம் தன் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு மட்டுமே உத்தரவாதக் கடிதம் தருகிறது என்பது உங்கள் குறையானால், காப்புறுதியைக் கண்காணிக்கும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் வாசலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுக்கு இரண்டு சட்டங்கள் பொருந்தும். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம், பதிவுபெற்ற மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து வழங்க அனுமதிக்கிறது. 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் மற்றும் சேவைகள் சட்டம், அதாவது சட்டம் 586, தனியார் கிளினிக்குகள் நடக்க வேண்டிய முறையை வகுக்கிறது. மருத்துவர் மருந்து வழங்குவதையே நிறுத்தச் சொன்னால் முதல் சட்டத்தைத் திருத்த வேண்டும், அது நெடும்போராட்டம். மருந்துச் சீட்டைத் தானாகவே கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டால், சட்டம் 586இன் கீழ் உள்ள விதிமுறைகளில் ஓர் உட்பிரிவு சேர்ப்பதே போதும் என்று வாதிட இடமிருக்கிறது. நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். முதல் வழியில் மருத்துவர்கள் அனைவரும் எதிரணிக்குப் போய்விடுவார்கள். இரண்டாவதில் அவர்களில் பாதிப் பேராவது காது கொடுப்பார்கள்.

3. மூல வாசகத்தைப் படியுங்கள்

சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையவாசலில் கூட்டரசுச் சட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாளிதழ்ச் செய்தியையோ புலனத்தில் சுற்றும் சுருக்கத்தையோ நம்பி மனு எழுதாதீர்கள். ஏற்கெனவே சட்டத்தில் உள்ளதையே புதிதாகக் கேட்டு, அதிகாரி முன் தலைகுனிந்த குழுக்கள் உண்டு.

நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட் அறிக்கைகளும், அதாவது அவையில் பேசப்பட்டதன் அதிகாரபூர்வப் பதிவுகளும், உள்ளன. "மருந்துச் சீட்டு", "மருந்தாளர்" ஆகியவற்றுக்குரிய மலாய்ச் சொற்களைக் கொண்டு தேடினால், இதே கேள்வியை எந்த உறுப்பினர் எழுப்பினார், அமைச்சர் என்ன சொன்னார் என்பது தெரியவரும். முன்பு கேட்ட உறுப்பினரே உங்களுக்கு முதல் துணை. அமைச்சர் அன்று சொன்ன மறுப்பே நீங்கள் எழுதப்போகும் மனுவின் முதல் பத்தி.

4. சான்றுகளைத் திரட்டுங்கள், ஒப்புதலோடு

ஆயிரம் கையெழுத்துகளைவிட, தேதியும் தொகையும் கொண்ட இருபது அனுபவங்கள் அதிகாரியிடம் எடுபடும். கையெழுத்து "எங்களுக்கு வேண்டும்" என்று மட்டுமே சொல்கிறது. சட்டம் எழுதுபவருக்கு எங்கே, எப்படி, எவ்வளவு என்பதே தேவை.

ஒவ்வொருவரிடமும் ஒரே வரிசையில் கேளுங்கள்: எந்த நோய்க்கு, எத்தனை ஆண்டுகளாக மருந்து, மாதம் எவ்வளவு செலவு, மருந்துச் சீட்டு கேட்டார்களா, கேட்டபோது என்ன நடந்தது, பட்டியலிட்ட ரசீது கிடைத்ததா. கிடைத்த ரசீதின் படியை வாங்கி, கிளினிக்கின் பெயரையும் நோயாளியின் பெயரையும் மறைத்துவிடுங்கள். நம் நோக்கம் ஒரு மருத்துவரைத் தண்டிப்பதன்று. பெயர் வெளியானால் அவதூறு வழக்கு ஒருபுறம் வரும், விவாதம் அந்த ஒரு கிளினிக்கைச் சுற்றியே சுழன்று சட்டம் மறக்கப்படுவது இன்னொருபுறம்.

நோயாளியிடம் எழுத்து வழி ஒப்புதல் பெறுவது அவசியம். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை நுண்ணுணர்வுத் தரவாக வகைப்படுத்துகிறது. அந்தச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கே உரியது என்றாலும், அதன் அளவுகோலையே நாமும் கைக்கொள்வது முறை. தமிழில் சொன்னதை மலாயில் பெயர்த்த பிறகு, அதை மீண்டும் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். "மருந்து ஒத்துக்கல" என்று ஒருவர் சொன்னது "மருந்து தவறானது" என்று மலாயில் போய்ச் சேர்ந்த ஒரு மனுவை நானே திருத்தியிருக்கிறேன். திருத்தாமல் போயிருந்தால் அது ஒரு மருத்துவர்மீது சுமத்திய பழியாகியிருக்கும்.

மற்றொரு முன்னேற்பாடும் உண்டு. தனியார் மருத்துவ நிலையங்கள் புகார் தீர்க்கும் ஏற்பாடு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் 586 விதிக்கிறது. உங்கள் இருபது பேரில் சிலராவது அந்த வழியில் எழுதிப் பதில் வாங்கியிருக்கட்டும். "முதலில் கிளினிக்கிடம் முறையிட்டீர்களா?" என்பது அமைச்சில் நிச்சயம் எழும் கேள்வி.

5. யாருடைய பெயரில் மனு என்பதை முடிவு செய்யுங்கள்

1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்படி ஏழு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்த அமைப்பு, தற்காலிகமானதாக இருந்தாலும், சங்கம் என்ற வரையறைக்குள் வருகிறது, பதிவும் தேவைப்படுகிறது. புதிதாகப் பெயரும் முத்திரையும் உருவாக்கிக் கடிதம் அனுப்பத் தொடங்குவோர் இதைக் கவனிப்பதில்லை.

ஏற்கெனவே பதிவுபெற்ற ஒன்றின் கீழ் இயங்குவது எளிது. குடியிருப்பாளர் சங்கம், நோயாளிகள் ஆதரவுக் குழு, முன்னாள் மாணவர் மன்றம் எதுவும் பொருந்தும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற மூத்த அமைப்பிடம் ஆலோசனை கேட்பதும் நல்லது. கட்சிக் கிளையின் பெயரில் மட்டும் வேண்டாம், ஏனெனில் ஆட்சி மாறும்போது உங்கள் கோப்பும் மேசையிலிருந்து அலமாரிக்குப் போய்விடும்.

6. எதிர்க்கக்கூடியவர்களை முதலில் சந்தியுங்கள்

பெரும்பாலோர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. மனு எழுதும் முன்பே செய்ய வேண்டியது இது, ஏனெனில் எதிர்ப்பின் காரணம் தெரியாமல் எழுதப்படும் மனு முதல் கூட்டத்திலேயே உடைந்துவிடும்.

உங்கள் வட்டாரத்தில் தனியாகக் கிளினிக் நடத்தும் இரண்டு மூன்று மருத்துவர்களிடம் நேரம் கேட்டுச் செல்லுங்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு விதிமுறைகளில் பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 ரிங்கிட் என்று வகுக்கப்பட்டு, அது நெடுங்காலம் அப்படியே இருந்தது. வாடகையும் ஊழியர் சம்பளமும் உயர்ந்தபோது, மருந்தில் கிடைத்த மிச்சமே பல கிளினிக்குகளைத் தாங்கியது. மருந்துச் சீட்டு வெளியே போனால் அந்த மிச்சமும் போகும். 2025 மே மாதத்தில் விலைக் காட்சி ஆணையை எதிர்த்து மருத்துவர்கள் புத்ராஜெயாவில் அணிதிரண்டதன் பின்னணியிலும் இந்த அச்சம் கலந்திருந்தது.

ஆகவே உங்கள் கோரிக்கையில் ஆலோசனைக் கட்டணம் பற்றியும் ஒரு வரி வேண்டும். மருத்துவரின் அறிவுக்கு உரிய கட்டணம், மருந்துக்குத் தனி விலை, இரண்டும் ரசீதில் தனித்தனியே தெரிய வேண்டும் என்று எழுதினால், நோயாளிக்கும் மருத்துவருக்கும் பொதுவான நிலம் கிடைக்கிறது. மருந்தாளர்களையும் சந்தியுங்கள். அவர்களின் ஆதரவு எளிதில் கிடைக்கும், ஆனால் மனு அவர்களுடைய வியாபாரத்துக்காக எழுதப்பட்டது போலத் தோன்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு வேளையில் மருந்தகம் திறந்திராத சிற்றூர்களில் என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை தயாராக இருக்கட்டும்: மருந்தைக் கிளினிக்கிலேயே வாங்கும் தெரிவும் நோயாளிக்குத் தொடர்ந்து இருக்கும்.

7. இரண்டு பக்க மனு, ஒரு பக்க வாசகம்

மனு மலாய் மொழியில் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் கோரிக்கை, சட்டத்தின் தற்போதைய நிலை, இருபது பேரின் அனுபவச் சுருக்கம். இரண்டாம் பக்கத்தில் எதிர்ப்புகளும் அவற்றுக்கான விடைகளும். மூன்றாவது தாளாக, நீங்கள் கேட்கும் உட்பிரிவின் வாசகத்தையே எழுதி இணையுங்கள்.

சட்டம் எழுதுவது நம் வேலையா என்று பலர் கூசுகிறார்கள். அந்த வாசகம் அப்படியே ஏற்கப்படாது என்பது உண்மை. ஆனாலும் "கிளினிக், சிகிச்சை முடிந்தவுடன், நோயாளி கோராவிட்டாலும், மருந்தின் பொதுப்பெயர், அளவு, நாள்கள் குறிப்பிட்ட மருந்துச் சீட்டை வழங்க வேண்டும்" என்று எழுத உட்காரும்போதுதான், வணிகப் பெயரா பொதுப்பெயரா, அவசர சிகிச்சைக்கு விலக்கு உண்டா, மீறினால் என்ன என்ற கேள்விகள் உங்களுக்கே எழும். நீங்கள் எதிர்கொள்ளாத கேள்வியை அதிகாரி எழுப்பினால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

8. சரியான கதவைச் சரியான வரிசையில் தட்டுங்கள்

முதலில் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். வாக்காளராகப் பதிவான தொகுதி எது என்பதைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் சரிபார்த்து, அந்தத் தொகுதியின் வாக்காளர் ஒருவரே முன்னின்று செல்ல வேண்டும். சேவை மையத்தில் ஒய்பியை, அதாவது அந்த உறுப்பினரை, பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு பல குழுக்களின் முயற்சி நின்றுவிடுகிறது. அவரைவிட அவருடைய ஆய்வு அதிகாரியோடு ஒரு மணி நேரம் உட்காருவது அதிகப் பயன் தரும், ஏனெனில் அவையில் எழுப்பும் கேள்வியை எழுதப்போவது அந்த அதிகாரிதான்.

உறுப்பினரிடம் "ஆதரவு தாருங்கள்" என்று கேட்காதீர்கள். குறிப்பான ஒன்றைக் கேளுங்கள். வாய்மொழிக் கேள்வி எழுப்பலாம், ஆனால் நேரம் போதாமல் பல கேள்விகளுக்கு எழுத்து வழியிலேயே பதில் வரும். எழுத்து வழிக் கேள்வியே எண்ணும் விவரமும் வாங்க ஏற்றது. மக்களவைக்கு இணையாக 2016ஆம் ஆண்டு முதல் கூடும் சிறப்பு அறையில் அவர் சற்று விரிவாகப் பேசலாம், அமைச்சின் தரப்பிலிருந்து பதிலும் வரும். எல்லாம் ஹன்சார்டில் பதிவாகும், அந்தப் பதிவே அடுத்த படிக்கான ஆதாரம்.

பிறகு சுகாதாரத்துக்கான நாடாளுமன்றச் சிறப்புத் தேர்வுக் குழு. இதில் ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் ஒன்றாக உட்காருகிறார்கள். இதன் செல்வாக்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2022இல் தாக்கல் செய்யப்பட்ட புகைபிடித்தல் கட்டுப்பாட்டு மசோதா தேர்வுக் குழுவின் ஆய்வுக்குப் போனது. பிறகு புதிய மசோதாவாக வந்து, குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் பிறந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்ற தலைமுறைத் தடை நீக்கப்பட்ட வடிவில், 2023 நவம்பரில் மக்களவையில் நிறைவேறியது.

அமைச்சுக்கான மனுவை இதே வேளையில் அனுப்பலாம். அமைச்சருக்கு ஒரு படி, மாநிலச் சுகாதார இலாகாவில் தனியார் மருத்துவத் தொழிலைக் கண்காணிக்கும் பிரிவுக்கு ஒரு படி. கடிதம் சேர்ந்ததற்கான முத்திரையைப் பெறாமல் திரும்பாதீர்கள்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் தனியுறுப்பினர் மசோதா பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அரசாங்கத்தின் அலுவல்களே முன்னுரிமை பெறுவதால் அது விவாதத்துக்கு வருவதே அரிது. உங்கள் ஆற்றலை அங்கே செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

9. நாட்காட்டியைப் பார்த்து நடங்கள்

வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகிறது. ஒதுக்கீடு சார்ந்த கோரிக்கை ஆண்டின் முற்பாதியிலேயே போய்ச் சேர வேண்டும். செப்டம்பரில் கொண்டுபோனால் எல்லாம் எழுதி முடிக்கப்பட்டிருக்கும்.

விதிமுறை மாற்றங்களுக்கு அமைச்சுகள் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது, அது மலேசிய உற்பத்தித்திறன் கழகம் நடத்தும் பொதுக் கலந்தாய்வு இணையவாசலில் வெளியாகும். கெடு குறுகியது. வாரம் ஒருமுறை அதைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். மனு முன்பே தயாராக இருந்தால், கெடுவுக்குள் அதைக் கலந்தாய்வின் கேள்விகளுக்கு ஏற்ப மாற்றி அனுப்புவது இரண்டு நாள் வேலை.

அமைதிப் பேரணி நடத்த விரும்பினால், காவல்துறைக்கு ஐந்து நாள்களுக்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். என் அனுபவத்தில் இக்கோரிக்கைக்குப் பேரணியைவிட ரசீதுகள் அதிகம் பேசின.

10. நிறைவேறிய பிறகும் கோப்பை மூடாதீர்கள்

சட்ட மசோதாவாக வந்தால் முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் இடையே சில நாள்களே இருக்கலாம். முதல் வாசிப்பன்றே வாசகத்தை இறக்கி, உங்கள் உட்பிரிவு எப்படி மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டு, மசோதாவை உட்பிரிவு வாரியாக ஆராயும் குழு நிலையில் கேட்க வேண்டிய திருத்தத்தை உறுப்பினருக்கு அனுப்புங்கள். மக்களவை நிறைவேற்றியதும் 70 உறுப்பினர்கள் கொண்ட மேலவைக்குப் போகும், பின்னர் மாமன்னரின் ஒப்புதல், அதன்பின் அரசிதழ்.

அரசிதழில் வந்துவிட்டது என்று இனிப்பு வழங்கிக் கலைந்துவிடும் தவற்றைச் செய்யாதீர்கள். சட்டம் எந்த நாளில் நடப்புக்கு வரும் என்பதை அமைச்சர் தனியே அறிவிக்க வேண்டியிருக்கலாம். சட்டம் 586 நிறைவேறியது 1998இல், நடப்புக்கு வந்தது 2006 மே 1இல். 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010 வரை காத்திருந்தது. எனவே நடப்புத் தேதி எப்போது என்ற எழுத்து வழிக் கேள்வியை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுப்பும்படி உங்கள் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

நடப்புக்கு வந்த முதல் மாதத்தில், நான்காம் படியில் சந்தித்த அதே இருபது பேரிடம் திரும்பிச் செல்லுங்கள். மருந்துச் சீட்டு கேட்காமலேயே கையில் வந்ததா, அதில் பொதுப்பெயர் இருந்ததா, ரசீதில் ஆலோசனைக் கட்டணம் தனியாகத் தெரிந்ததா என்று பழைய தாளின் பக்கத்திலேயே பதிந்து, படியொன்றை மாநிலச் சுகாதார இலாகாவிடம் முத்திரையோடு சேர்ப்பியுங்கள்.